600 ரூபாய் நானோவும் ஒரு தேய்மானக் கணக்கும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில்: தேய்மானம். பிளஸ் டூவில் நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று கணக்குப் போட்டு மண்டை காய்ந்தோமே, அதே தேய்மானம்தான். ஆங்கிலத்தில் நம் பாடத்துக்கு ஒரு சொல், மெக்கானிக்கல் பசங்க பாடத்துக்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இரும்பு தேய்வதும் தேய்மானம், அதனால் அதன் மதிப்பு குறைவதும் தேய்மானம். யார் வைத்த பேரோ, சரியாக வைத்திருக்கிறார்கள்.

1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் அட்டவணையில் வாடகைக்கு ஓடும் லாரி, பஸ், டாக்சிகளுக்கு வருடம் 30 சதவீதம் தேய்மானம் என்று போட்டிருந்தார்கள். வாடகைக்கு ஓடாத சாதாரண காருக்கு 15 சதவீதம். வாடகை வண்டி அதிகம் ஓடும், சீக்கிரம் தேயும் என்பதுதான் லாஜிக். ஆனால் எஞ்சினுக்குள்ளே எது, எங்கே, ஏன் தேய்கிறது என்று நம் பாடப் புத்தகம் சொல்லாது. அதைத் தேடிப் படிக்க வைத்தது என் மாமா.

மாமா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு அடிக்கிறவர். வண்டி டாடா ஏஸ், அதாவது நம் ஊர் பாஷையில் குட்டி யானை. அந்த வண்டிதான் அந்த வீட்டின் மொத்த வருமானமும். போன முறை ஆயில் மாற்றப் போனபோது கடையில் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டியிருக்கிறார்கள். "நானோ டெக்னாலஜி அண்ணே, ஆயிலோட சேர்த்து ஊத்திட்டா மைலேஜ் 15 பர்சன்ட் கூடும், எஞ்சின் ஆயுள் டபுள்." விலை 600 ரூபாய். மாமா வாங்காமல் வந்து என்னிடம், "மாப்ளே, நீதான கணக்கு படிக்கிற. இது லாபமா நஷ்டமானு போட்டுச் சொல்லு" என்றார். கடை பெயரும் பாட்டில் பெயரும் இங்கே வேண்டாம். இதே மாதிரி பாட்டில்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

முதலில் நான் இதை வெறும் டுபாக்கூர் என்றுதான் நினைத்தேன். படித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஏனென்றால் நானோ என்பது இங்கே பொய் இல்லை.

எஞ்சினுக்குள் ஆயில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரண்டு இரும்புப் பரப்புகள் வேகமாக நகரும்போது நடுவே ஆயில் ஒரு படலமாக நின்று இரண்டையும் ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும். மழைத் தண்ணீர் நிற்கும் ரோட்டில் வேகமாகப் போகிற வண்டியின் டயர் தண்ணீர் மேலேயே வழுக்கிப் போகுமே, கிட்டத்தட்ட அது மாதிரி. இந்த நிலையில் தேய்மானம் ஏறக்குறைய இல்லை. பிரச்சனை வேகம் குறையும் இடத்தில்தான். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் அந்த ஒரு கணம் அதன் வேகம் பூஜ்யம். அங்கே படலம் மெலிந்துபோய் ரிங்கும் லைனரும் நேரடியாக உரசும். காலையில் முதல் ஸ்டார்ட் அடிக்கும்போதும் இதே கதை. வேகம், பிசுபிசுப்பு, சுமை மூன்றும் மாறும்போது உராய்வு எப்படி மாறுகிறது என்று ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902லேயே அளந்து காட்டிவிட்டார்.

இப்படி உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்துக்காகத்தான் ஆயிலில் மருந்து கலக்கிறார்கள். நாம் வாங்கும் ஆயில் வெறும் எண்ணெய் இல்லை. முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய், மீதி முழுக்க வேதிப் பொருட்கள். அதில் பழைய ஜாம்பவான் இசட்.டி.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் கலந்த ஒரு பொருள். 1940களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது உடைந்து, இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அந்தத் தோலின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக, மாமாவின் எஞ்சினுக்குள் நானோ ஏற்கனவே இருக்கிறது. பாட்டில் வாங்காமலே :)

அப்புறம் எதற்கு புது நானோ? இங்கேதான் சட்டம் வருகிறது. இசட்.டி.டி.பி.யில் இருக்கும் பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையோடு போய், சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதனால் 2004ல் வந்த ஜி.எஃப்-4 என்ற தரம், பெட்ரோல் கார் ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டிப் போட்டது. இன்னொரு பக்கம், மைலேஜுக்காக ஆயிலையே மெலிதாக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆயில் மெலிந்தால் படலமும் மெலியும், உலோகம் உரசும் நேரம் கூடும். மருந்தைக் குறைக்கவும் சொல்கிறார்கள், நோயையும் கூட்டுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆராய்ச்சியாளர்கள் நானோ துகள்கள் பக்கம் திரும்பினார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தில் ரெஷெஃப் டென்னே குழு செய்தது. டங்ஸ்டன் டைசல்ஃபைடு என்ற பொருள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். 1992ல் அந்தத் தாள்கள் சுருண்டு மூடி, ஒன்றுக்குள் ஒன்றாக உருண்டைகளாக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒட்டன்சத்திரம் பாஷையில் சொன்னால் வெங்காயம். 1997ல் அந்த வெங்காயங்களை எண்ணெயில் கலந்தால் உராய்வும் தேய்மானமும் குறைகிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். முதலில் இவை குட்டிக் குட்டி பால் பேரிங் மாதிரி உருளுகின்றன என்று நினைத்தார்கள். பிறகு பார்த்தால், அழுத்தம் அதிகமாகும்போது வெங்காயம் தோல் உரிந்து அந்தத் தோல் இரும்பின் மேல் ஒட்டிக்கொள்கிறது, அதுதான் பெரிய உதவி என்று தெரிந்தது. தாமிர ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, வைரத் தூள் என்று வேறு துகள்களும் உண்டு. சில உருளும், சில பள்ளத்தை நிரப்பும், சில மேட்டை மெருகேற்றும்.

சரி, எவ்வளவு குறைகிறது? 2007ல் வியர் என்ற ஆய்விதழில் (பெயரே தேய்மானம்தான்) வூ, சுய், லியூ என்ற மூவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தாமிர ஆக்சைடு நானோ துகளை இரண்டு விதமான ஆயிலில் கலந்து பார்த்தார்கள். ஒன்று எந்த மருந்தும் சேராத வெறும் அடிப்படை எண்ணெய். இன்னொன்று எஸ்.எஃப். தரத்தில் உள்ள, மருந்தெல்லாம் சேர்ந்த எஞ்சின் ஆயில்.

வெறும் எண்ணெயில் தேய்ந்த தடத்தின் ஆழம் குறைந்தது 78.8 சதவீதம்.
எஞ்சின் ஆயிலில் குறைந்தது 16.7 சதவீதம்.
உராய்வு வெறும் எண்ணெயில் குறைந்தது 5.8 சதவீதம்.
எஞ்சின் ஆயிலில் குறைந்தது 18.4 சதவீதம்.

இந்த நான்கு எண்களை நன்றாகப் பாருங்கள். எல்லாமே நிஜம். ஆனால் ஒரு விற்பனையாளர் இதில் 78.8ஐ மட்டும் எடுத்து போஸ்டரில் போடலாம். பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் மாமா வண்டியில் ஊற்றுவது வெறும் எண்ணெய் இல்லையே. அவர் ஊற்றும் ஆயிலில் ஏற்கனவே காவல்காரன் இருக்கிறான். இரண்டாவது காவல்காரன் வந்தால் திருட்டு இன்னும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதோடு, எஸ்.எஃப். என்பது 1980களின் தரம். இன்றைய ஆயில்கள் அதைவிட நல்ல மருந்தோடுதான் வருகின்றன. நம் சார் இன்டெக்ஸ் நம்பர் நடத்தும்போது அடிப்படை ஆண்டு எது என்று முதலில் கேள் என்பார். இங்கேயும் அதே கேள்விதான். எதோடு ஒப்பிட்டு 78.8?

இனி ரூபாய்க் கணக்கு. 2012ல் ஃபின்லாந்தின் வி.டி.டி. ஆய்வு நிலையமும் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடமும் சேர்ந்து ஒரு சராசரி காரில் எரிபொருள் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டார்கள். அதை நான் ரூபாயாக்கிச் சொல்கிறேன். 100 ரூபாய்க்கு எண்ணெய் போட்டால் 33 ரூபாய் சூடான புகையாகப் போகிறது. 29 ரூபாய் ரேடியேட்டர் வழியாகப் போகிறது. மீதி 38 ரூபாய்தான் வேலையாக மாறுகிறது. அதில் 5 ரூபாய் காற்றைக் கிழிக்க. 33 ரூபாய் உராய்வுக்கு. அந்த 33ல் டயருக்கு 11.50, எஞ்சினுக்கு 11.50, கியர்பாக்ஸ் வகையறாவுக்கு 5, பிரேக்குக்கு 5.

குட்டி யானை கார் இல்லைதான், இருந்தாலும் ஒரு மதிப்பீட்டுக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின் உராய்வு 38ல் 11.50, அதாவது 30 சதவீதம். ஆனால் இதில் பெரும்பகுதி ஆயில் படலம் முழுதாக நிற்கும்போது ஆயிலையே கலக்க ஆகும் செலவு. அங்கே உலோகம் தொடுவதே இல்லை, நானோவுக்கு வேலையும் இல்லை. உலோகம் உரசும் பங்கு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீதம் வருகிறது. அதில் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த 18.4 சதவீதம் அப்படியே எஞ்சினிலும் கிடைத்தால் டீசலில் மிச்சம் 1.1 சதவீதம். பாட்டில் சொன்ன 15 எங்கே, 1.1 எங்கே!

மாமா வருடம் 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார், லிட்டருக்கு 20 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீசல் செலவு வருடம் 1,38,000. அதில் 1.1 சதவீதம் 1,518 ரூபாய். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் என்றால் வருடம் மூன்று பாட்டில், 1,800 ரூபாய். நஷ்டம் 282.

பொறுங்கள், தேய்மானத்தை விட்டுவிட்டோம். எஞ்சின் வேலை 3 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, செலவு 40,000 என்று வைத்தால் நேர்க்கோட்டு முறையில் வருடத்துக்கு 4,000 ரூபாய். அது 16.7 சதவீதம் குறைந்தால் 668 மிச்சம். இப்போது 1,518ம் 668ம் சேர்ந்து 2,186. பாட்டில் செலவு 1,800 போனால் லாபம் 386 ரூபாய். எல்லாமே ஆய்வுக்கூடத்தில் நடந்த மாதிரியே நடந்தால்!

386 ரூபாய் லாபம்தானே, வாங்கிவிடலாமே என்று தோன்றும். எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும். நானோ துகள்களுக்கு ஒரு கெட்ட குணம், ஒன்றையொன்று ஈர்த்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டாமல் இருக்க ஒலீயிக் அமிலம் மாதிரி ஒரு பூச்சு கொடுத்து எண்ணெயில் மிதக்க விடுவார்கள். இந்த வேலை சரியாக நடக்காவிட்டால், இரவு வண்டி நிற்கும்போது துகள் கட்டி கட்டியாக அடியில் தங்கும். கட்டியானது நானோ இல்லை, மணல். அளவு கூடினாலும் பலன் கூடாது, குறையும். மேலும் ஆயிலில் ஏற்கனவே இருக்கும் மருந்துகள் எல்லாம் இரும்புப் பரப்பில் இடம் பிடிக்கப் போட்டி போடுகின்றன. புதிதாக வருவது காவல்காரனையே தள்ளிவிட்டு உட்காரலாம். இதனால் எஞ்சின் கெட்டு அந்த 40,000 ரூபாய் வேலை சீக்கிரம் வர வருடத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு இருந்தால்கூட, அந்த ரிஸ்க்கின் விலை 400 ரூபாய். 386 லாபம் காலி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாமா வாங்கி ஊற்றினால், அது வேலை செய்ததா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தக்காளி லோடு ஒரு நாள், காலி கிரேடு ஒரு நாள், எதிர்க்காற்று ஒரு நாள் என்று மைலேஜ் 18க்கும் 22க்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். அதில் 1 சதவீதத்தைக் கண்டுபிடிக்க நூற்றுக்கணக்கான ட்ரிப் குறித்து வைக்க வேண்டும். போதாக்குறைக்குப் பாட்டிலை எப்போது ஊற்றுகிறோம்? புது ஆயில் மாற்றும்போது, ஏர் ஃபில்டர் தட்டும்போது. வண்டி அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். பேர் பாட்டிலுக்குப் போகும். 600 ரூபாய் கொடுத்தவர் ஆக்சிலேட்டரையும் கொஞ்சம் மெதுவாகத்தான் மிதிப்பார் :)

வாங்குவதற்கு முன்பும் தெரியாது, பயன்படுத்திய பிறகும் தெரியாது என்ற வகைப் பொருட்களுக்கு பொருளாதாரத்தில் தனிப் பெயர் உண்டு. நம்பிக்கைப் பொருள் என்று சொல்லலாம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் 1973ல் இதைப் பற்றி எழுதினார்கள். ரிப்பேர் செய்தவன் உண்மையிலேயே கெட்டுப்போன பாகத்தைத்தான் மாற்றினானா என்று நமக்கு எப்படித் தெரியும் என்பது மாதிரிக் கேள்விகள் அதில் வரும். இந்த மாதிரிச் சந்தையில் நல்ல சரக்கும் போலிச் சரக்கும் ஒரே அலமாரியில் ஒரே விலையில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற ஆயில் சேர்மானம் டெஃப்லான் வகைத் துகளை வைத்து ஓஹோவென்று விற்றது. அதன் விளம்பரங்கள் ஆதாரமற்றவை என்று அந்த நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 1996ல் வழக்குப் போட, 1997ல் சமரசம் ஆனது. துகள் ஓட்டத்தான் செய்தது, ஆனால் கதை அதைவிட வேகமாக ஓடியது.

அப்படியானால் நானோ வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் ஒரு குழு 1966லேயே, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுக்கு வருடம் 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்குக் காட்டியது. ஒரு லட்சம் வண்டிகளுக்கு 1 சதவீதம் என்பது மலை. ஒரு வண்டிக்கு 1 சதவீதம் என்பது தூசு. அதனால் இந்த நானோ சேர வேண்டிய இடம் ஆயில் தயாரிக்கும் தொழிற்சாலை. அங்கே மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, எஞ்சினில் மணிக்கணக்கில் ஓட்டி, தரச் சான்று வாங்கி, டப்பாவுக்குள்ளேயே கலந்து வரட்டும். அந்த 1 சதவீதத்தை அளக்கும் வசதி அவர்களிடம் இருக்கிறது. மாமாவிடம் இல்லை. அளக்க முடியாதவன் தலையில் அளக்க வேண்டிய பொறுப்பைக் கட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் வகுப்புப் பசங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கியர் பைக் வைத்திருப்பவர்கள் இதைத் தொடவே தொடாதீர்கள். நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிடிப்பதே உராய்வால்தான். அதற்காகத்தான் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கும். அதில் வழுக்கும் மருந்தை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். எஞ்சின் தேய்மானம் குறைவதற்குள் கிளட்ச் பிளேட் போய்விடும். கணக்கும் உதைக்கும். வருடம் 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 50, பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 12,000. அதில் 1.1 சதவீதம் 132 ரூபாய். இதற்கு வருடம் இரண்டு பாட்டிலா?

மாமாவிடம் இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழ்திக் கொடுத்தேன். பாட்டிலை அடித்துவிட்டு, கீழே வேறொரு வரி எழுதினேன். டயருக்கும் அதே 11.50 ரூபாய் போகிறது என்று பார்த்தோம் அல்லவா? நான்கு டயரிலும் காற்று சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்லும் கணக்கு. 6 பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டினால் 1.2 சதவீதம். அதாவது, 1,800 ரூபாய் நானோ தருவதாகச் சொன்ன 1.1 சதவீதத்தை 10 ரூபாய் காற்று தந்துவிடுகிறது. மாமா பேப்பரை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காத்து பிடிக்கச் சொல்றதுக்காடா மூணு வருசம் படிக்கிற?" என்றார். ஆனால் இப்போது வாரா வாரம் திங்கட்கிழமை காற்று பிடிக்கிறார். ஆயில் மட்டும் டப்பாவில் போட்டிருக்கும் தரத்தைப் பார்த்து, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுகிறார்.

பி.கு: ஐந்தில் ஒன்று, 40,000 ரூபாய், நூற்றில் ஒரு வாய்ப்பு இதெல்லாம் நானாக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மெக்கானிக்கல் படிக்கும் புண்ணியவான்கள் யாராவது இந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தால் சொல்லிவிட்டுப் போங்கள், மாமாவிடம் சேர்த்துவிடுகிறேன்.